வசனத்தின் விலாசம்



வெள்ளிக்கிழமை வேதபாட வகுப்பில் போதகர் ஒரு வசனத்தைச் சொன்னதும் என்ன நடக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? பெரியவர்கள் தாள்களைப் புரட்டிக்கொண்டு, "ஒபதியா ஆமோசுக்குப் பின்னால்தானே?" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார்கள். அதற்குள் உங்கள் கைபேசியில் வசனம் வந்திருக்கும். சிலருக்கு இது பிடிப்பதில்லை. எனக்கு அதில் குறை ஒன்றும் தெரியவில்லை. இரவுப் பணி முடிந்து ரயிலில் வீடு திரும்பும்போது நானும் கைபேசியில்தான் வேதம் வாசிக்கிறேன்.

ஆனால் ஒன்று மட்டும் சொல்லவேண்டும். தேடல் பெட்டி நாம் கேட்டதைத் தரும். நாம் கேட்காததைத் தராது. சில நேரங்களில் நாம் கேட்காத வசனமே நமக்கோ, நம் பக்கத்தில் இருப்பவருக்கோ மிகவும் தேவையானதாக இருக்கும். ஆகவே எப்படித் தேடுவது, கிடைத்த பின் என்ன செய்வது என்று இந்த இதழில் பார்ப்போம்.

எண்கள் பிறகு வந்தவை

பவுல் எழுதிய நிருபங்களில் அதிகாரமும் இல்லை, வசன எண்ணும் இல்லை. இன்று நாம் பயன்படுத்தும் அதிகாரப் பிரிவை 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டீபன் லாங்டன் என்பவர் அமைத்தார் என்பார்கள். இவர் பின்னாளில் இங்கிலாந்தின் கேன்டர்பரி பேராயராக இருந்தவர். புதிய ஏற்பாட்டில் நாம் காணும் வசன எண்களை 1551-ல் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சுக்காரர் தம்முடைய கிரேக்கப் பதிப்பில் போட்டார். 1560-ல் வந்த ஜெனீவா வேதாகமம் அவற்றை ஆங்கில வீடுகளுக்குள் கொண்டுவந்தது.

அதற்கு முன் எப்படி இடம் சொன்னார்கள்? மாற்கு 12:26-ல் இயேசுவே சொல்வதைப் பாருங்கள். "யாத்திராகமம் 3" என்று அவர் சொல்லவில்லை. முட்செடியின் சம்பவம் வருகிற இடம் என்றுதான் சுட்டிக்காட்டுகிறார். கேட்டவர்களுக்கு அந்தச் சம்பவம் முழுவதும் நினைவுக்கு வந்திருக்கும். எபிரெயர் 2:6-ல் எட்டாம் சங்கீதத்தை எடுத்துச் சொல்லும்போது, எங்கோ ஒருவர் சாட்சி சொன்னார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சங்கீதங்களுக்கு மட்டும் அன்றே எண்ணிக்கை இருந்தது என்பது அப்போஸ்தலர் 13:33-லிருந்து தெரிகிறது. அங்கே பவுல் இரண்டாம் சங்கீதம் என்றே சொல்கிறார்.

ஆக, அன்று ஒரு வசனத்தைச் சுட்டுவது என்றால் ஒரு சம்பவத்தைச் சுட்டுவது. இன்று நாம் ஓர் எண்ணைச் சுட்டுகிறோம். எண் வேகமானது, ஆனால் சம்பவத்தைத் தன்னோடு கொண்டுவராது.

சொல்லை வைத்துத் தேடுவதும் புதிதல்ல. 13-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்து டொமினிக்கன் துறவிகள், ஹியூ என்பவரின் தலைமையில், இலத்தீன் வேதாகமத்துக்குக் கன்கார்டன்ஸ் தயாரித்தார்கள். எந்தச் சொல் எங்கே வருகிறது என்று காட்டும் அட்டவணை அது. 1737-ல் அலெக்சாண்டர் குரூடன் ஆங்கிலத்துக்கு ஒன்று செய்தார். 1890-ல் ஜேம்ஸ் ஸ்டிராங் எபிரெய, கிரேக்கச் சொற்களுக்கு எண் கொடுத்தார். உங்கள் செயலியில் ஒரு ஆங்கிலச் சொல்லைத் தொட்டால் வரும் எண் அவருடையதுதான். உதாரணமாக கிரேக்க எண் 4982-ஐத் தேடுங்கள். மாற்கு 5:34-ல் பெரும்பாடுள்ள ஸ்திரீயிடம் இயேசு சொன்னதிலும், லூக்கா 7:50-ல் பாவியாகிய ஸ்திரீயிடம் அவர் சொன்னதிலும் அதே சொல் இருப்பதைக் காண்பீர்கள். ஒருத்தி நோய் தீர்ந்து போனாள். மற்றவள் பாவம் தீர்ந்து போனாள். இருவருக்கும் ஒரே சொல்.

தமிழில் தேடும்போது

"தமிழில் தேடினால் ஒன்றுமே வருவதில்லை அக்கா" என்று உங்களில் பலர் சொல்கிறீர்கள். வசனம் அங்கேதான் இருக்கிறது. நம் மொழியில் சொல் உருமாறுவதால் பெட்டிக்கு அது தெரிவதில்லை.

முதலாவது, சொல்லின் கடைசியைக் கழற்றுங்கள். "சமாதானம்" என்று அடித்தால் "சமாதானத்தை", "சமாதானத்தோடே" என்பவை தப்பிவிடும். கடைசி "ம்" இல்லாமல் "சமாதான" என்று அடியுங்கள். "விசுவாச", "இரக்க" எல்லாம் அப்படியே. முழுச் சொல்லாகத் தேடு என்ற தெரிவு உங்கள் செயலியில் இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். "தேவனுக்கு" என்பது வசனத்தில் "தேவனுக்குப்" என்று ஒற்றோடு நிற்கலாம்.

இரண்டாவது, பழைய சொற்களைத் தெரிந்துகொள்ளுங்கள். நம் சபையில் வாசிப்பது 1871-ல் வெளிவந்த மொழிபெயர்ப்பு. அதில் தேட "கடவுள்" உதவாது. "தேவன்", "கர்த்தர்" என்று தேடவேண்டும். நோய் தீர்வதைத் தேடுகிறவர்கள் "குணமா" என்று மட்டும் அடித்தால் சுவிசேஷங்களில் பாதி சம்பவங்களைக் காணமாட்டார்கள். அங்கே பல இடங்களில் இருப்பது "சொஸ்தமா". யாத்திராகமம் 15:26-ல் கர்த்தர் தம்மைப் "பரிகாரி" என்கிறார். வைத்தியன் என்று அதற்குப் பொருள். மருத்துவமனையில் வேலை செய்கிற எனக்கு மிகவும் பிடித்த சொல் அது. எந்த ஆங்கிலத் தேடலும் அந்தச் சொல்லை எனக்குக் காட்டியிருக்காது.

மூன்றாவது, தமிழ் தட்டச்சு கடினமாக இருந்தால் ஆங்கிலத்தில் தேடி, பக்கத்தில் தமிழைத் திறந்து வையுங்கள். இரண்டு மொழிபெயர்ப்புகளை அருகருகே வைக்கும் வசதி பெரும்பாலான செயலிகளில் உண்டு. அம்மாவோ பாட்டியோ ஒரு வசனத்தில் பாதியைச் சொல்லி "எங்கே இருக்கிறது பார்" என்றால், அதில் உள்ள அபூர்வமான ஒரு சொல்லை மட்டும் கேட்டு வாங்கி அடியுங்கள். பல வீடுகளில் பாட்டிகள் விலாசத்தையே சொல்லிவிடுவார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

நான்காவது, ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். "சவுல்" என்று தேடினால் ராஜாவும் வருவார், தர்சு பட்டணத்துச் சவுலும் வருவார். "யாக்கோபு" என்றால் ஈசாக்கின் மகனும் செபெதேயுவின் மகனும் சேர்ந்து வருவார்கள். வார்டில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் நாங்கள் கைப்பட்டையில் பிறந்த தேதியையும் பார்த்தே மருந்து கொடுப்போம். வசனத்துக்கும் அந்த இரண்டாவது அடையாளம் வேண்டும். எந்தப் புத்தகம், எந்தக் காலம் என்று பாருங்கள்.

இன்னொன்று. சபையின் பழைய பிரசங்கக் குறிப்புகளும் பாட்டுத் தாள்களும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் இருக்கின்றன. அவற்றில் யூனிகோடு எழுத்தால் தேடினால் ஒன்றும் கிடைக்காது. கோப்பு காலியாக இருக்கிறது என்று நினைத்து அழித்துவிடாதீர்கள்! எழுத்துருவை மாற்றிக் கொடுப்பது உங்களில் யாராவது ஒருவர் விடுமுறையில் செய்யக்கூடிய நல்ல ஊழியம்.

எண்ணிக்கையைச் சோதிக்கலாம்

வேதத்தில் "பயப்படாதே" என்று 365 தரம் இருக்கிறது, நாளுக்கு ஒன்று என்று கேட்டிருப்பீர்கள். தேடிப் பாருங்கள். "பயப்படாத" என்று அடித்தால் பயப்படாதே, பயப்படாதிருங்கள் எல்லாம் வரும். "கலங்காதே", "திகையாதே" என்பவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்படியும் எண்ணிக்கை 365-ஐ எட்டாது. அதோடு, பட்டியலில் வருவதெல்லாம் ஆறுதலும் அல்ல. லூக்கா 18:2-ல் வரும் அநீதியுள்ள நியாயாதிபதியும் அதில் வந்து நிற்பான். அவன் தேவனுக்குப் "பயப்படாதவன்" அல்லவா?

இதைச் சொல்லிப் பெரியவர்களை மடக்கவேண்டாம். கர்த்தர் ஒருமுறை சொன்னாலே போதுமானது. நாள்காட்டிக்கு ஏற்றபடி அவர் சொல்லவேண்டியதில்லை. கேட்டதைத் திறந்து பார்க்கும் பழக்கம் உங்களுக்கு வரவேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

யார் இந்த வசனத்தைச் சுட்டுகிறார்கள்?

இதுவரை பார்த்தது சொல்லைத் தேடுவது. இதைவிடப் பயனுள்ள தேடல் ஒன்று உண்டு: ஒரு வசனத்தின் விலாசத்தையே தேடுவது. வேதத்தில் வேறு எங்கே இதைச் சுட்டுகிறார்கள்? விளக்கவுரையில், என் குறிப்புகளில் இது எங்கே வருகிறது? அப்பாவின் ஒத்துவாக்கிய வேதாகமத்தின் ஓரத்தில் இருந்த சிறிய எழுத்துகள் இந்த வேலையைத்தான் செய்தன.

இதில் ஒரு சிக்கல் உண்டு. விலாசத்தை எழுதும் விதம் ஆளுக்கு ஆள் மாறும். ஒருவர் "யோவான் 3:16" என்பார், ஒருவர் "யோவா. 3.16" என்பார். இ-ஸ்வோர்ட் மென்பொருளின் நூல்களில் புத்தகப் பெயரின் சுருக்கத்துக்கும் எண்ணுக்கும் நடுவே ஓர் அடிக்கோடு இருக்கும். அதை விட்டுவிட்டு அடித்தால் எதுவும் அகப்படாது. இன்னொரு சிக்கல், "யோவான் 3:14-18" என்று எழுதியிருந்தால் அதற்குள் 16 இருக்கிறது. நமக்குத் தெரியும், எழுத்தை மட்டும் தேடும் பெட்டிக்குத் தெரியாது. லோகோஸ் போன்ற மென்பொருள்கள் விலாசத்தை விலாசமாகவே அடையாளம் கண்டு, இப்படிப்பட்ட தொடர்களையும் எடுத்துக் கொடுக்கும். உங்கள் செயலியில் அந்த வசதி இல்லையென்றால் அதிகாரத்தை மட்டும் தேடிக் கண்ணால் பாருங்கள். உங்கள் சொந்தக் குறிப்புகளில் எப்போதும் ஒரே விதமாக எழுதுங்கள். ஐந்து வருடம் கழித்து நீங்களே உங்களுக்கு நன்றி சொல்வீர்கள்.

இப்போது ஒரு விலாசத்தைத் தேடிப் பார்ப்போம். சங்கீதம் 91:11, 12. தூதர்கள் நம்மைக் காப்பதைப் பற்றிய வசனங்கள். புதுக் கார் வாங்கினால் பின் கண்ணாடியில் ஒட்டுகிறோம். புதிய ஏற்பாட்டில் இதை எடுத்துச் சொல்கிறவன் யார்? ஒத்துவாக்கியம் மத்தேயு 4:6-க்கும் லூக்கா 4:10, 11-க்கும் கொண்டுபோகும். சொல்கிறவன் பிசாசு. தேவாலயத்தின் உச்சியில் இயேசுவை நிறுத்தி, குதிக்கச் சொல்வதற்காகச் சொல்கிறான்.

சங்கீதத்தையும் மத்தேயுவையும் அருகருகே வைத்து வாசியுங்கள். நம் வழிகளிலெல்லாம் காப்பதைப் பற்றிச் சங்கீதத்தில் உள்ள பகுதி அவன் வாயில் இல்லை. பாம்பின்மேல் மிதித்து நடப்பதைச் சொல்லும் 13-ஆம் வசனத்துக்கு முன் அவன் நிறுத்திக்கொள்கிறான். இயேசு கொடுத்த பதிலின் விலாசத்தையும் தேடுங்கள்: உபாகமம் 6:16. அவர் கொடுத்த மற்ற இரண்டு பதில்களும் உபாகமம் 8:3, 6:13. மூன்றும் இஸ்ரவேலர் வனாந்தரத்தில் சோதிக்கப்பட்டதைப் பற்றிப் பேசுகிற பகுதியிலிருந்தே வருகின்றன. வனாந்தரத்தில் நின்றுகொண்டு, வனாந்தரத்தைப் பற்றிய வேதபகுதியிலிருந்து அவர் பதில் சொல்கிறார். பிசாசு சங்கீதத்தில் ஒரு துண்டை எடுத்தான். ஆண்டவர் ஒரு பகுதி முழுவதையும் அறிந்திருந்தார்.

அடுத்தது எரேமியா 29:11. வருடப் பிறப்பு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கும்போது நம்மில் எத்தனை பேருக்கு இது வந்திருக்கிறது! அது நல்ல வசனம், ஐயமில்லை. ஆனால் அதன் அயல்வீட்டைத் தட்டிப் பாருங்கள். 10-ஆம் வசனத்தில் எழுபது வருஷம் என்று இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம் இது. அதை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் பலர் ஊர் திரும்பியிருக்கமாட்டார்கள். 5 முதல் 7 வரை என்ன சொல்கிறது? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்துவையுங்கள், வந்து சேர்ந்த பட்டணத்தின் நன்மைக்காக ஜெபியுங்கள் என்கிறது. ஊரை விட்டு வந்து அந்நிய தேசத்தில் பிள்ளைகளை வளர்க்கிற நம் பெற்றோருக்கு 11-ஆம் வசனத்தைவிட இந்த மூன்று வசனங்கள் நெருக்கமானவை என்று எனக்குத் தோன்றுகிறது. அட்டையில் அவை வருவதில்லை.

படுக்கையருகே ஒரு தேடல்

இதெல்லாம் வேதப் போட்டியில் மதிப்பெண் வாங்குவதற்காக அல்ல. ஏன் முக்கியம் என்று ஒரு காரியம் சொல்கிறேன். நோயாளிகளின் இரகசியத்தைக் காப்பது எங்கள் கடமை. ஆகவே அடையாளம் தெரியாதபடி சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் வார்டில் பல வாரங்கள் இருந்தார். காலையில் எழும்போதே அவருடைய கைபேசி நிறைய வசனங்கள் வந்திருக்கும். எல்லாம் சுகம் பெறுவதைப் பற்றியவை. அன்பாகத்தான் அனுப்பினார்கள். ஒருநாள் இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் என் கையைப் பிடித்துக் கேட்டார்: "பிள்ளை, எல்லாரும் ஜெபிக்கினம். நானும் விசுவாசிக்கிறன். ஏன் மாறுதில்லை? என்ர விசுவாசம் காணாதோ?"

நோயோடு குற்ற உணர்வும் சேர்ந்துகொண்டது. வசனத்தில் தப்பில்லை. ஆனால் வந்த வசனங்களெல்லாம் ஒரே தேடலின் விடைகள். "சுகம்" என்று தேடினால் சுகம் பெற்றவர்கள் மட்டுமே வருவார்கள்.

வேலை நேரத்தில் நான் பிரசங்கம் செய்வதில்லை. அது முறையும் அல்ல. ஆனால் மாலையில் வந்த பேத்தி, உங்கள் வயதுப் பிள்ளை, "அக்கா, அம்மம்மாவுக்கு எதை வாசிக்கலாம்?" என்று கேட்டாள். "சுகம் என்று தேடாதேம்மா, வியாதி, பலவீனம் என்று தேடிப் பார்" என்றேன்.

தேடினால் என்ன வருகிறது தெரியுமா? பிலிப்பியர் 2:27-ல் எப்பாப்பிரோதீத்து வருகிறார். சாகும் நிலைக்குப் போய், தேவ இரக்கத்தால் பிழைத்தவர். 2 தீமோத்தேயு 4:20-ல் துரோப்பீமு வருகிறார். பவுலின் உடன் ஊழியர். அவரை வியாதியோடு மிலேத்துவில் விட்டுவரவேண்டியிருந்தது. 1 தீமோத்தேயு 5:23-ல் தீமோத்தேயு. அடிக்கடி சுகவீனப்பட்டவர், வயிற்றுக்குப் பவுல் கைமருந்து சொல்கிறார். 2 கொரிந்தியர் 12-ல் பவுலே வருகிறார். மூன்றுதரம் கேட்டும் முள் நீங்கவில்லை, கிருபை கிடைத்தது. இவர்களில் ஒருவரிடமும் "உனக்கு விசுவாசம் குறைவு" என்று வேதம் சொல்லவில்லை.

பேத்தி தடுமாறித் தடுமாறித் தமிழில் வாசித்தாள். துரோப்பீமுவின் இடத்தில் அம்மா நிறுத்தச் சொன்னார். "பவுல் இருந்தும் அவருக்கு மாறேல்லையோ? விட்டிட்டோ போனவர்?" என்று கேட்டார். பிறகு, "அப்ப நான் தனி ஆளில்லை" என்றார். அவருடைய நோய் முற்றிலும் நீங்கவில்லை. ஆனால் விசுவாசம் காணாதோ என்ற கேள்வியை அவர் மறுபடி என்னிடம் கேட்கவில்லை.

கொடுப்பதற்கு முன் ஐந்து சரிகள்

மருந்து கொடுக்கும் முன் ஐந்து காரியங்களைச் சரிபார்க்கவேண்டும் என்று நர்சிங் படிப்பின் முதல் வருடத்திலேயே சொல்லித்தருவார்கள். வசனத்தை ஒருவருக்கு அனுப்பும் முன்னும் அவற்றைப் பாருங்கள்.

சரியான நபர்: இது முதலில் யாருக்குச் சொல்லப்பட்டது? இப்போது யாருக்குக் கொடுக்கப்போகிறேன்?

சரியான மருந்து: வசனத்தை நானே திறந்து பார்த்தேனா, அல்லது யாரோ அனுப்பிய படத்தைத் தள்ளிவிடுகிறேனா?

சரியான அளவு: முன்னும் பின்னும் குறைந்தது ஐந்து வசனங்கள் வாசித்தேனா? முடிந்தால் அதிகாரம் முழுவதும் வாசியுங்கள்.

சரியான வழி: இதை வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா, அல்லது நேரில் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கவேண்டுமா?

சரியான நேரம்: யோபின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள் என்று யோபு 2:13 சொல்கிறது. பேச ஆரம்பித்த பிறகுதான் தவறினார்கள்.

இந்த மாதம் ஒரு சிறிய பயிற்சி. உங்களுக்கு இந்த வருடம் கிடைத்த வாக்குத்தத்த வசனத்தை எடுங்கள். அதன் விலாசத்தைச் செயலியில் தேடி, வேதத்தில் வேறு யார் அதைச் சுட்டுகிறார்கள் என்று பாருங்கள். அதிகாரம் முழுவதையும் தமிழில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை வாசியுங்கள். அட்டையில் இல்லாத எதைக் கண்டீர்கள் என்று ஒரு பக்கம் எழுதி வாலிபர் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். வீட்டில் வயதானவர் இருந்தால் அவருக்கும் வாசித்துக் காட்டுங்கள். உச்சரிப்பு தவறினால் திருத்துவார்.

கர்த்தர் தாமே தம்முடைய வார்த்தையை நம் உள்ளங்களில் நிலைப்படுத்துவாராக. ஆமென்.